கேட்காமல் வரும் தமிழ்

பலகணிக் கண்ணாடியில் ஒரு சாண் அகலக் கறுப்பு ஆன்டெனாவை ஒட்டிவைத்து, ஆகாயத்தில் வருவதை அதன் வழியே பிடித்துத் தொலைக்காட்சி பார்க்கிற குடும்பங்கள் சிங்கப்பூரில் இன்னமும் இருக்கின்றன என்று சொன்னால், கைப்பேசிக்குள்ளேயே உலகத்தை வைத்துக்கொண்டிருக்கும் வாலிபர்கள் அதை ஒரு பழங்கால விநோதமாகவே கருதுகிறார்கள். வீட்டுக்கு வீடு ஒளியிழைக் கம்பி வந்துவிட்ட ஒரு நகரத்தில், மாதம் ஒரு தொகையைக் கட்டினால் சென்னையின் பிரபல ஒளிவழிகள் எல்லாம் கூடத்துக்குள் வந்து நிற்கிற ஒரு காலத்தில், வசந்தம் என்ற தமிழ் ஒளிவழியையும் ஐந்தாம், எட்டாம் ஒளிவழிகளையும் மட்டும் நம்பி மாலைப்பொழுதைக் கழிப்பவர்கள் யார், அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால், வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும்: ஒன்று வறுமை, மற்றொன்று வயோதிகம். இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவ்விரண்டையும் சொன்னவுடன் விஷயம் தீர்ந்துவிட்டதாக எண்ணுவது, என் அபிப்பிராயத்தில், பார்ப்பவர்களுக்கும் நியாயம் செய்வதாகாது, பார்க்கப்படும் மொழிக்கும் நியாயம் செய்வதாகாது.

1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி மாலை, விக்டோரியா நினைவு மண்டபத்தில் பிரமுகர்கள் கூடியிருக்க, அப்போது கலாசார அமைச்சராக இருந்த எஸ். ராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிவைத்தார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்து, பத்திரிகையாளராகப் பேர் பெற்று அரசியலுக்கு வந்தவர் அவர். அன்றைய பரீட்சார்த்த ஒளிபரப்பு நீடித்தது 1 மணி 40 நிமிஷம். ஏப்ரல் 2ஆம் தேதி ஒழுங்கான சேவை ஆரம்பமாயிற்று. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்ற நான்கு மொழிகளுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே முடிவான சங்கதி. பின்னால் யாரோ தாட்சண்யம் பார்த்து இட்ட பிச்சை அன்று. பெட்டி வாங்கும் வசதி பெரும்பாலான வீடுகளுக்கு இல்லாத அக்காலத்தில், சமூக மன்றங்களில் வைக்கப்பட்டிருந்த பெட்டிகளின் முன்னே ஜனங்கள் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டையும், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சீன நாடகத்தையும், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்து வரப்போகும் தங்கள் நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த நேரத்தில் பார்க்க நேர்ந்தது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி லீ குவான் இயூ பேச முடியாமல் கண்கலங்கி நின்றதை மக்கள் கண்டதும், 1974 ஜூலையில் உலகக் கிண்ணக் கால்பந்து இறுதியாட்டம் முதன்முதலாக வண்ணத்தில் வந்து ஊரையே விழித்திருக்கச் செய்ததும் இந்த ஆகாய மார்க்கமாகத்தான்.

தமிழின் நிலைமை மட்டும் அந்த வீட்டில் நெடுங்காலம் ஒண்டுக்குடித்தனமாகவே இருந்தது. எட்டாம் ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே கிடைத்த துண்டு நேரத்தில் செய்தியும் நாடகமும் எப்போதாவது ஒரு திரைப்படமும்; 1995இல் அங்கிருந்து பெயர்ந்து, மலாய் நிகழ்ச்சிகளோடு பன்னிரண்டாம் ஒளிவழியில் ஒரு பங்கு; 2000 ஜனவரியில் மறுபடியும் பெயர்ந்து, குழந்தைகள் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் ஒரே ஒளிவழியைப் பங்கிட்டுக்கொண்டு ‘வசந்தம் சென்ட்ரல்’ என்ற பெயர். வாசல் வழியைப் பிறரோடு பகிர்ந்துகொண்டு, சமையலறைக்கு முறை வைத்துக்கொண்டு வாழ்ந்த அந்தக் குடித்தனத்துக்குத் தனி வீடும் தனிச் சாவியும் கிடைத்தது 2008 அக்டோபர் 19ஆம் தேதி, வசந்தம் தனி ஒளிவழியானபோது. தொலைக்காட்சி வந்து 45 ஆண்டுகள் கழித்து! அதற்குள் சென்னையில் தனியார் தமிழ் ஒளிவழிகள் பெருகி, அவை கட்டணச் சேவையாகச் சிங்கப்பூர் வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டிருந்தன என்பது வேறு சமாசாரம்.

ஆன்டெனா வழியே வரும் இந்தத் தொலைக்காட்சிக்கு இலவசம் என்ற சொல்லையும் நிதானித்தே பயன்படுத்த வேண்டும். 2010ஆம் ஆண்டு வரை சிங்கப்பூரில் தொலைக்காட்சி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் வருஷத்துக்கு 110 வெள்ளி உரிமக் கட்டணம் செலுத்தி வந்தது. செலுத்தத் தவறியவர்களுக்கு அபராதமும் உண்டு. 2011ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அப்போதைய நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்தினம் அந்தக் கட்டணத்தை அவ்வாண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்தே ரத்து செய்தார். தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தவரும், அதன்மீதிருந்த வரியை எடுத்தவரும் இருவருமே இலங்கைத் தமிழ் வம்சாவளியினர் என்பது தற்செயலாக அமைந்த ஒரு பொருத்தம். அதற்குமேல் அதற்கு அர்த்தம் கற்பிக்க நான் முற்படவில்லை. நாம் கவனிக்க வேண்டியது, அன்றிலிருந்து பார்ப்பவனிடம் ஒரு காசு வாங்காமலும் அவன் பெயரைக் கேட்காமலும் வீட்டுக்குள் வருகிற ஒரே தொலைக்காட்சியாக இது ஆயிற்று என்பதைத்தான்.

மின்னிலக்க மாற்றம் வந்தபோதே இந்தப் பார்வையாளர்கள் யார் என்பது ஓரளவு வெளிச்சமாயிற்று. 2013 டிசம்பரில், வசந்தத்தை நடத்தும் மீடியாகார்ப் நிறுவனம் தன் ஒளிவழிகள் அனைத்தையும் மின்னிலக்க முறையில் ஒளிபரப்பத் தொடங்கியது. பழைய ஒளிபரப்பை 2017 முடிவில் நிறுத்திவிடுவதென்று முதலில் உத்தேசிக்கப்பட்டது. ஆனால் இன்னும் எத்தனையோ வீடுகள் மாறவில்லை என்பது தெரிந்து, ஓராண்டு அவகாசம் கொடுக்கப்பட்டு, 2018 முடிவோடு அது நின்றது. கட்டணச் சேவை எதையும் வாங்காத வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வாழும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு, மின்னிலக்கப் பெட்டியோ ஆன்டெனாவோ புதுத் தொலைக்காட்சியோ வாங்கிக்கொள்ள 100 வெள்ளி உதவியும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பெட்டியை இலவசமாகவே கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுக்கும் திட்டமும் ஏற்பட்டன. யாரும் பார்க்காத ஒரு சாதனத்துக்காக எந்தச் சர்க்காரும் இவ்வளவு சிரமப்படுவதில்லை.

அந்த மாற்றத்தில் ஒரு புதுத் தொல்லையும் கூடவே வந்தது. பழைய ஒளிபரப்பில் அலை பலவீனமானால் திரையில் பனி பெய்தது போல வெண்புள்ளிகள் விழும், முகம் மங்கும், குரல் மட்டுமாவது கேட்கும். மின்னிலக்கத்தில் அந்த இரக்கமெல்லாம் கிடையாது. அலை போதுமானதாக இருந்தால் கண்ணாடியில் பார்ப்பது போன்ற தெளிவு. ஒரு சிறிது குறைந்தாலோ படம் சதுரஞ்சதுரமாகச் சிதறி, அடுத்த கணம் கறுத்துப்போகும். கூடத்தின் நடுவில் வைத்தால் வராதது ஜன்னலோரம் வைத்தால் வரும் என்பதும், எதிரே புதிய கட்டடம் எழும்பினால் ஆன்டெனாவை மறு ஜன்னலுக்கு மாற்ற வேண்டும் என்பதும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் வித்தை அல்ல. எழுபது வயதுக்கு மேற்பட்ட எத்தனையோ பேர் அதைக் கைப்பழக்கத்தால் கற்றுக்கொண்டார்கள். புதிய தொழில்நுட்பம் பழகத் தெரியாதவர்கள் என்று நாம் யாரைப் பரிகசிக்கிறோமோ அவர்கள்தாம் இவர்கள்.

இவ்விடத்தில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு நிலைமையைச் சொல்லியாக வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ உள்ள தமிழனுக்கு மொட்டை மாடியில் ஒரு செயற்கைக்கோள் தட்டைப் பொருத்திக்கொள்ளும் வழி உண்டு. இந்தியாவில் தூர்தர்ஷன் 2004ஆம் ஆண்டிலேயே மாதக் கட்டணம் இல்லாத தட்டுச் சேவையைத் தொடங்கி, பிற்பாடு தரையிலிருந்த தன் பழைய ஒளிபரப்பிகளைப் படிப்படியாக மூடத் துணிந்ததற்கு அந்த வழி திறந்திருந்ததும் ஒரு காரணம். சிங்கப்பூரில் தனிமனிதர்கள் வீட்டில் தட்டு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஆகவே இங்குள்ளவனுக்கு எதிரே இருப்பவை மாதாமாதம் பணம் கேட்கும் கட்டணத் தொலைக்காட்சி, மாதாமாதம் பணம் கேட்கும் இணையம், ஒன்றுமே கேட்காத ஆன்டெனா ஆகிய மூன்றுதான். வசந்தம் இப்போது ‘மீவாட்ச்’ என்ற இணையச் சேவையிலும் காசில்லாமல் கிடைக்கிறதே என்பார்கள். வாஸ்தவம்; ஆனால் அந்த இணையத்துக்கு யார் காசு கொடுப்பது? கிணறு இலவசம், கயிற்றுக்குத்தான் வாடகை என்றால் தாகித்தவன் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

எனினும் காசை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க நான் தயாராக இல்லை. கட்டணச் சேவையை வாங்கும் சக்தியுள்ள வீடுகளிலும், தாராளமாக இணையம் இருக்கும் வீடுகளிலும் இந்தக் கறுப்பு ஆன்டெனா இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தேக்காச் சந்தையை ஒட்டிய புஃபலோ ரோட்டு அடுக்குமாடி ஒன்றில், பேரப்பிள்ளை தாத்தாவிடம், “தாத்தா, இதெல்லாம் ஃபோன்லயே வருதே, இன்னும் ஏன் இந்த ஆன்டெனா?” என்று கேட்டதையும், “ஃபோன்ல நான்தான்டா தேடணும், இதுல அது தானா வருது” என்று அவர் பதில் சொன்னதையும் நானே காதால் கேட்டேன். பெரிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சுற்றி வளைத்துச் சொல்ல முயல்கிற ஒரு விஷயத்தை அந்த மனிதர் அநாயாசமாகச் சொல்லிவிட்டார்.

தேடிப் பார்ப்பது என்றால் தேடத் தெரிந்திருக்க வேண்டும். என்ன வேண்டும் என்பது முன்கூட்டியே நினைவில் இருக்க வேண்டும். தேடுகிறவன் மனத்தில் அந்த மொழி ஏற்கெனவே குடியிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் அது 3.3 விழுக்காடாக இருந்தது. ஆங்கிலமோ 48.3 விழுக்காட்டை எட்டிவிட்டது. இந்த நிலைமையில், ஆங்கிலத்தில் யோசிக்கும் ஒரு பிள்ளை தன் கைப்பேசியில் தானாகவே தமிழைத் தேடிப் போகும் என்று எதிர்பார்ப்பது, ஆசையே தவிர நியாயமான எதிர்பார்ப்பு அன்று. ஆனால் கூடத்தில் பாட்டிக்காக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து, அந்தப் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதும் காதில் வந்து விழும் தமிழுக்கு யாருடைய சம்மதமும் தேவைப்படுவதில்லை. மொழி என்பது பெரும்பாலும் இப்படித்தான், கவனிக்காத காதுகளின் வழியாகவே, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருகிறது.

தேடினாலும் கிடைப்பது எந்தத் தமிழ் என்பது அடுத்த கேள்வி. இணையத்தில் ‘தமிழ்’ என்று தட்டினால் வந்து குவிவது ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழகத்தின் சினிமா, அரசியல், வம்பு, சமையல் ஆகியவையே. அதை நான் குறை சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் வீவக வீடு, தேசிய சேவை, மத்திய சேம நிதி, தொடக்கநிலை இறுதித் தேர்வு, தேக்காவில் கத்தரிக்காய் விலை ஆகியவற்றைத் தமிழில் பேசும் மனிதர்களை அந்தக் குவியலில் பொறுக்கி எடுப்பது கஷ்டம். காவல்துறையை வைத்து எடுத்த ‘வேட்டை’ போன்ற தொடர்களும், ‘எதிரொலி’ போன்ற நடப்பு விவகார நிகழ்ச்சியும், உள்ளூர்ச் செய்தியும் இல்லாவிட்டால், சிங்கப்பூர் என்ற ஊர் தமிழ்மொழிக்குள்ளே காட்சியாக இடம் பெறுவதற்கு வேறு மார்க்கம் மிகவும் சொற்பம். எழுத்துக்குத் தமிழ் முரசு இருக்கிறது. காதுக்கு ஒலி 96.8 இருக்கிறது, கண்ணுக்கு இருப்பது இது.

ஒரே நேரத்தில் பார்ப்பது என்பதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. தீபாவளிக்கு முந்தின இரவு, லிட்டில் இந்தியாவில் கூட்டம் நெரிந்து, சிராங்கூன் சாலை விளக்குகளால் பகலாகி, வசந்தத்தின் கொண்டாட்ட நிகழ்ச்சி நேரலையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, முழங்கால் வலியால் வெளியே போக முடியாத ஒரு மூதாட்டி யீஷூனில் உட்கார்ந்து அதையே அதே நிமிஷத்தில் பார்க்கிறார். மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தால் வெடிச்சத்தமும் பாட்டும் அப்படியே இருக்கும், ஆனால் தொலைபேசியில் தங்கையை அழைத்து, “பாத்தியாடி, அந்தப் பொண்ணு பாடினத?” என்று கேட்க முடியாது. இணைய நேரலையில் தங்கைக்கு அக்காளைவிட அரை நிமிஷம் தாமதித்து வரக்கூடும் என்பதையும், ஆன்டெனாவில் அந்தத் தாமதம் மிகக் குறைவு என்பதையும் கால்பந்து பார்க்கிறவர்கள் நன்றாக அறிவார்கள். அடுத்த வீட்டில் கோல் கூச்சல் எழும்போது நம் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் நிற்பதைவிடப் பெரிய துன்பம் உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

எல்லை விவகாரம் ஒன்று இருக்கிறது, சுவாரஸ்யமானது. ஜொகூர் பாருவில் இருப்பவர்கள் சிங்கப்பூர் ஒளிவழிகளை வெகுகாலமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் வடபகுதிக்காரர்களும் ஆன்டெனாவைச் சற்றே திருப்பி மலேசிய ஒளிபரப்பைப் பார்த்து வந்திருக்கிறார்கள். மலேசியாவின் இரண்டாம் ஒளிவழியில் வரும் தமிழ்ச் செய்திக்காகவும் தமிழ்ப் படத்துக்காகவும் இந்த உபாயத்தைக் கையாண்ட தமிழ்க் குடும்பங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். இரு நாட்டுச் சர்க்கார்களும் தண்ணீர் விலையைப் பற்றி மேஜைமேல் விவாதித்துக்கொண்டிருந்த வருஷங்களிலும், இரு நாடுகளையும் இணைக்கும் பாலத்துக்கு இப்பாலும் அப்பாலும் இருந்த தமிழ் வீடுகள் ஒன்றின் செய்தியை மற்றொன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தன. இணையத்தில் அப்படி இல்லை. உன் நாடு எது என்று முதலில் பார்த்துவிட்டு, உரிமம் இல்லை என்று கதவை அடைத்துவிடும் நிகழ்ச்சிகள் அதில் எத்தனை!

ஆன்டெனாவின் பெரிய குணமே அதன் பெரிய பலவீனமும் ஆகிறது. புக்கிட் பாத்தோக் குன்றின்மேல் நிற்கும் கோபுரத்துக்குத் தன்னை யார் பார்க்கிறார்கள் என்பது தெரியாது. தகவல் ஒருபுறமாகவே பாய்கிறது. பார்ப்பவனிடமிருந்து எதுவும் திரும்பிப் போவதில்லை. நாம் எதை எத்தனை நிமிஷம் பார்த்தோம், எந்த இடத்தில் சலித்து நிறுத்தினோம், இரவு எத்தனை மணிக்கு விழித்திருந்தோம் என்பதை எல்லாம் குறித்துவைத்துக்கொள்ளும் திரைகளுக்கு மத்தியில், நம்மைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒரு திரை இருப்பது எனக்கு மெத்த ஆறுதலாக இருக்கிறது. ஆனால் தன்னை எண்ணிக்கொள்ளாதவனை உலகமும் எண்ணுவதில்லை. இணையத்தில் ஒரு காணொளியைப் பத்தாயிரம் பேர் பார்த்தால் அந்தப் பத்தாயிரம் உடனே அச்சாகி நிற்கிறது. ஆன்டெனாவில் பார்ப்பவர்களை, சில வீடுகளில் விசாரித்துப் பெற்ற கணக்கிலிருந்து உத்தேசமாக ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஓசையில்லாமல் பார்ப்பவர்கள் ஓசையில்லாமலே கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும் அபாயம் இதனால் உண்டாகிறது.

வசந்தத்தில் வருவதெல்லாம் அமிர்தம் என்று நான் வாதாடவில்லை. தமிழகத்துத் தொடர்களின் சாயலைக் கடன் வாங்கி, மாமியாரைக் கண்ணை உருட்டவிட்டு, பின்னணியில் இடி இடிக்கச் செய்யும் நாடகங்கள் இங்கேயும் உண்டு. பாட்டுப் போட்டிகளும் சிரிப்பு நிகழ்ச்சிகளும் தின்றுவிட்ட நேரத்தில், இலக்கியத்துக்கும் சரித்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இன்னும் சற்று இடம் விட்டிருக்கலாம். பொதுப்பணத்தின் ஆதரவில் நடக்கும் ஒளிவழிக்குச் சந்தையில் இல்லாத சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தைச் சந்தையைக் காப்பியடிப்பதற்குப் பயன்படுத்துவது வீண். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிட்டில் இந்தியாவை நிறைக்கும் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு வசந்தம் ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் கைப்பேசியில் ஊரைப் பார்க்கிறார்கள், ஊரோடு பேசுகிறார்கள். அது இயல்பு. இந்த ஒளிவழி அவர்களைப் பற்றி எவ்வளவு பேசுகிறது என்பதைப் பொறுத்தே அவர்கள் இதைப் பார்ப்பதும் இருக்கும். இதுவரை போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

சர்க்காரே இந்தப் பழைய சாதனத்தை இன்னும் நம்பியிருக்கிறது என்பதற்கு ஓர் அத்தாட்சி ஆண்டுதோறும் நம் காதில் ஒலிக்கிறது. பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6.20 மணிக்கு, 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்ததை நினைவூட்டும் முழுமைத் தற்காப்பு தினத்தில், தீவெங்கும் அபாயச் சங்கு ஊதுகிறது. அந்த ஓசை கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்வது, வானொலியையோ இலவசத் தொலைக்காட்சியையோ திறந்து செய்தியைக் கேளுங்கள் என்பதுதான். எல்லாரும் ஒரே கணத்தில் இணையத்தை மொய்த்தால் அது திணறும். ஆகாய ஒளிபரப்புக்கோ ஒருவன் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் ஒன்றே. தொலைக்காட்சி பிறந்த தேதியும் அதே பிப்ரவரி 15 என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்களோ தெரியவில்லை.

இனி வரப்போவது என்ன? ஸ்விட்சர்லாந்தின் பொது ஒளிபரப்பு ஸ்தாபனம் 2019 ஜூனில் தரைவழித் தொலைக்காட்சியையே நிறுத்திவிட்டது. பிரிட்டனில் அதைக் குறைந்தது 2034 வரை காப்பதென்று உறுதி சொல்லப்பட்டு, அதன் பிறகு என்ன செய்வது என்ற விவாதம் சூடாக நடந்துகொண்டிருக்கிறது. இங்கும் அந்தக் காற்று வீசாமல் இராது. பழைய ஒளிபரப்பு விட்டுக்கொடுக்கவிருந்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் வேறு சிலவும் 2017ஆம் ஆண்டு ஏலத்தில் கைப்பேசி நிறுவனங்களிடமிருந்து நூறு கோடி வெள்ளிக்கு மேல் ஈட்டித் தந்தன. மீதமிருப்பதையும் கொடுத்தால் என்ன என்ற கேள்வி ஒருநாள் எழத்தான் செய்யும். அப்போது ஸ்விட்சர்லாந்தை உதாரணம் காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மலைக்கு மலை, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஒளிபரப்பிகளை நிறுத்திப் பராமரிக்க வேண்டிய தேசம் அது. பிரதானமாக ஒரு குன்றின்மேலிருந்து வீசினாலே தீவு முழுவதும் எட்டிவிடுகிற நமக்கு, செலவு என்ற காரணம் அவ்வளவு கனமானதாக இராது. செயற்கைக்கோள் தட்டுக்குத் தடை இருக்கும்வரை, அவர்களுக்கு இருக்கும் மாற்று வழியும் நமக்கு இல்லை.

அந்தக் கேள்வி எழும் நாளில், ஆன்டெனா வழியே பார்க்கும் வீடுகள் மொத்தம் எத்தனை என்ற ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாமல், அவ்வீடுகளில் என்ன மொழி பேசப்படுகிறது, அவற்றில் தனியே வாழும் முதியவர்கள் எத்தனை பேர், அவர்களில் இணையமே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் விசாரித்துப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். நூற்றில் இரண்டரைப் பேர் என்பது மொத்தக் கணக்கில் எப்போதும் சிறுபான்மையாகவே தெரியும். அதைப் பெரும்பான்மையோடு சேர்த்து எண்ணினால் அது காணாமலே போய்விடும். அதுவரை, பிரிட்டிஷார் செய்ததைப் போல, இன்ன ஆண்டு வரை இந்த ஒளிபரப்பு நிச்சயம் இருக்கும் என்று ஒரு தேதியைத் தகவல்துறை அமைச்சு வாய்திறந்து சொல்லட்டும். புதுப் பெட்டி வாங்கலாமா, பழையதையே பழுது பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற குடும்பங்களுக்கு அந்த ஒரு தேதி உபகாரமாக இருக்கும். வசந்தத்துக்கு நாடகம் எழுத உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் அப்படியே.